முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை மலைக்குக் கொண்டுவருவது எப்படி

ஒரு மாசி மாதம், எங்கள் தோட்டத்து மேல் டிவிசன் தம்பி ஒருவன் நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். கொழும்பில் வாங்கி, இரவு ரயிலில் ஹட்டன் வரைக்கும் மடியில் வைத்தபடியே கொண்டுவந்திருக்கிறான். குவைத்தில் வேலை செய்யும் அக்கா அனுப்பிய காசு. பெட்டியைத் திறந்து கிட்டாரை வெளியே எடுத்தவனின் முகம் சரியில்லை.

"அண்ணே, முன்னால அமெரிக்கக் கம்பனி பேரு இருக்கு. பின்னால பாத்தா இந்தோனேசியான்னு போட்டிருக்கு. டூப்ளிகேட்ட குடுத்துட்டாங்களா?"

ஏமாற்றவில்லை என்று அவனுக்குச் சொன்னேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை போதாது. அன்று சாயந்தரம் இரண்டு மணி நேரம் அந்தக் கிட்டாரோடு உட்கார்ந்து அவனுக்குக் காட்டியதையெல்லாம்தான் இங்கே எழுதுகிறேன். நம் பக்கத்தில் தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான். அடுத்த வருடமே டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறி, வெளிநாட்டுச் சாமான் எல்லாவற்றையும் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இங்கே ஒரு கிட்டார் என்பது ஒரு குடும்பத்தின் பல மாத மிச்சம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

பெயர் ஒரு நாடு, செய்வது இன்னொரு நாடு

விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படுபவை. ஃபெண்டர் கம்பனியின் மலிவு வரிசையான ஸ்க்வையர் 1982இல் ஜப்பானில் தொடங்கியது. பிறகு கொரியாவுக்குப் போய், இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகிறது. கிப்சனின் மலிவுப் பெயர் எபிஃபோன். அதற்குச் சீனாவின் சிங்தாவ் நகரில் ஆலை இருக்கிறது. யமஹாவின் பசிஃபிக்கா வரிசையில் ஆரம்ப மாடல்கள் இந்தோனேசியாவிலிருந்து வருகின்றன. கொரியாவின் கோர்டெக் கம்பனிக்கு இந்தோனேசியாவின் சுரபாயாவில் பெரிய ஆலை உண்டு. கோர்ட் என்ற சொந்தப் பெயரிலும் கிட்டார் செய்கிறது, வேறு கம்பனிகளுக்கும் செய்து கொடுக்கிறது. ஸ்க்வையர் ஒன்றின் தொடர் இலக்கம் ஐ, சி, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்தில் ஆரம்பித்தால் அது அந்தச் சுரபாயா ஆலையில் பிறந்தது. தம்பியின் கிட்டாரில் இருந்ததும் அதுதான்.

வேலை ஏன் நாடு விட்டு நாடு போகிறது என்பது தோட்டத்தில் பிறந்த நமக்கு விளங்காத விஷயம் இல்லை. கூலி குறைவான இடத்துக்கு ஆலை போகும். கோர்டெக் 2007இல் கொரியாவில் தன் ஆலைகளை மூடியபோது வேலை இழந்தவர்கள் நடத்திய போராட்டம் 2019இல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. கையில் இருக்கும் கிட்டாரின் விலைக்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள். அதற்காக இந்தோனேசியக் கைகள் மட்டமானவை என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

விஷயம் இதுதான். மரத்தை வெட்டுவது, குடைவது, நெக் என்ற நீளக் கழுத்தைச் செதுக்குவது எல்லாம் இப்போது கணினி ஓட்டும் இயந்திரம். அது எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் வெட்டும். மலிவுக் கிட்டாரில் மிச்சம் பிடிப்பது கடைசி ஒரு மணி நேரக் கைவேலையில்: நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளின் முனைகளை உருட்டுவது, தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் நட் என்ற சின்ன வெள்ளைத் துண்டின் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது, கம்பியின் உயரம் பார்ப்பது. அதோடு உலோகச் சாமான்களிலும் மின் சாமான்களிலும் கொஞ்சம் கை வைப்பார்கள். அந்த ஒரு மணி நேர வேலையை நாம் செய்துகொள்ளலாம், அல்லது செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். ஆனால் மரம் முறுகியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கடையில் பார்க்க வேண்டியது எல்லாம் இந்த இரண்டையும் பிரித்தறியத்தான்.

காசைப் பிரித்து வைப்பது

கையில் இருக்கும் முழுத் தொகைக்கும் கிட்டார் பார்க்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். புதுக் கம்பி ஒரு செட், நல்ல கேபிள் ஒன்று, சுருதி பார்க்கும் கிளிப், மேலே சொன்ன கைவேலையான செட்டப்பின் கூலி எல்லாம் அதில் வர வேண்டும். ஒலியைப் பெருக்கும் ஆம்ப் தனிச் செலவு. கிட்டாரும் ஆம்பும் பையும் ஒரே பெட்டியில் வரும் 'பேக்' இருக்கிறது. பெயருள்ள கம்பனியின் பேக் என்றால் பரவாயில்லை. பெயரில்லாத பேக்கில் கிட்டாரே பல நேரம் அடுக்குப் பலகையாக இருக்கும், ஆம்ப் விளையாட்டுச் சாமானாக இருக்கும்.

எந்த மாடல்

இங்கே வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாடலைவிடக் கையில் கிடைக்கும் அந்த ஒரு கிட்டார்தான் முக்கியம். யமஹா பசிஃபிக்கா 012, 112, ஸ்க்வையர் சோனிக், அஃபினிட்டி, ஐபனெஸ் கியோ, கோர்ட்டின் ஆரம்ப மாடல்கள், எபிஃபோன் லெஸ் பால் ஸ்பெஷல். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இவற்றில் எதுவும் போதும். என்னைக் கேட்டால் பசிஃபிக்கா 112ஐத்தான் முதலில் காட்டுவேன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மூன்றில், உடல்மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் இரண்டு காயில் உள்ள ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில் என்பதால் கோயில் திருவிழா மேடைக்கும் சேர்ச் குவயருக்கும் ஒரே கிட்டார் போதும்.

ஒரே வரிசைக்குள் விலை ஏறும்போது என்ன மாறுகிறது என்று பாருங்கள். ஸ்க்வையர் சோனிக்கில் செராமிக் காந்தப் பிக்கப், பிளாஸ்டிக் வகை நட். மேலே கிளாசிக் வைப் வரிசைக்குப் போனால் அல்நிகோ காந்தம், எலும்பு நட். உடலின் மரம் பொப்ளரா, பாஸ்வூட்டா, அகாத்திஸா என்பதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று துண்டு ஒட்டியிருப்பதும் குறை இல்லை. நெக் மேப்பிள் மரமாக இருப்பது நல்லது. விரல்பலகையில் முன்பு ரோஸ்வூட் இருந்த இடத்தில் இப்போது இந்தியன் லாரல் என்ற மரம் வருகிறது. 2017இல் ரோஸ்வூட் வியாபாரத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்ததால் வந்த மாற்றம் அது. தரக்குறைவால் வந்தது அல்ல.

நான் ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருப்பேன்: கைப்பிடியை அசைத்துச் சுருதியை வளைக்கும், உடலில் படியாமல் மிதக்கும் ட்ரெமலோ உள்ள கிட்டார் ஆரம்பத்தில் வேண்டாம். பூட்டுப் போட்டதுபோல் கம்பியை இறுக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் வகையின் மலிவுப் பிரதிகள் சுருதியில் நிற்காது, கம்பி மாற்றவே அரை நாள் ஆகும்.

இன்னொன்று. கிப்சன், ஃபெண்டர் என்று பெயர் எழுதி, நம்ப முடியாத விலையில் கிட்டார் வந்தால் அது போலி. கிப்சனின் தலைப்பகுதியில் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கோலை மூடும் சின்ன மணிவடிவ மூடிக்கு இரண்டு ஸ்க்ரூதான் இருக்கும். மூன்று இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். 'இந்தோனேசியா' என்று வெளிப்படையாக எழுதிய கிட்டார் நேர்மையானது, அந்தப் போலிதான் டூப்ளிகேட்.

கடையில் பார்க்க வேண்டியவை

கொழும்பிலோ கண்டியிலோ கடைக்குப் போகும்போது நான்கு சாமான் கொண்டுபோங்கள்: பள்ளிக்கூட இரும்பு ரூலர், பழைய வங்கி அட்டை ஒன்று, கொஞ்சம் பஞ்சு, போனில் சுருதி பார்க்கும் செயலி. இதைப் பார்த்து யாராவது முகம் சுளித்தாலும் கவலைப்படாதீர்கள். காசு உங்களுடையது.

முதலில் நெக். கிட்டாரின் அடிப்பகுதியை உங்கள் முகத்துக்கு அருகே வைத்து, பிரிட்ஜ் பக்கமிருந்து தலைப்பக்கம் நோக்கி ஒரு கண்ணால் பாருங்கள், துப்பாக்கி குறிபார்ப்பதுபோல. விரல்பலகையின் இரண்டு ஓரங்களும் ஒன்றுக்கொன்று சமமாகப் போக வேண்டும். நீளவாக்கில் சின்னக் குழிவு இருந்தால் பயமில்லை, அதை ட்ரஸ் ரொட் சரிசெய்யும். ஒரு ஓரம் மேலே எழும்பி மறு ஓரம் கீழே போய், நனைந்து காய்ந்த பலகைபோல் முறுகியிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். என் முதல் எலெக்ட்ரிக் கிட்டார் கொழும்பில் ஒரு கடையில் வாங்கியது. பெட்டியைத் திறக்காமலே 'நல்ல சாமான் தம்பி' என்று கட்டிக் கொடுத்தார்கள். நெக் முறுகியிருந்தது. ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் மெல்லிய கம்பி எங்கே அழுத்தினாலும் செத்துப்போகும். ஒரு வருடத்துக்கு மேல் என் விரலில்தான் பிழை என்று நம்பி, விரல் நுனி கிழியக் கிழிய அழுத்தினேன். என்னோடு சேர்ந்து பழக ஆரம்பித்த சிநேகிதன் என் கிட்டாரைத்தான் வாங்கி வாசிப்பான். தனக்கு இசை வராது என்று முடிவெடுத்து அவன் விட்டேவிட்டான். பிறகு வேறொருவரின் கிட்டாரை ஒரு நாள் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. அவனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அடுத்தது ஃப்ரெட் முனைகள். உள்ளங்கையை நெக்கின் ஓரத்தில் வைத்து மெதுவாக மேலும் கீழும் ஓட்டுங்கள். பிறகு பஞ்சை எடுத்து அதே ஓரத்தில் இழுத்துக்கொண்டு போங்கள். தம்பியின் கிட்டாரில் நான் இதைத்தான் செய்து காட்டினேன். முதல் நான்கு ஃப்ரெட் வரை பஞ்சு வழுக்கிப் போனது. ஐந்தாவதில் ஒரு இழை மாட்டியது. ஒன்பதாவதில் இன்னும் நான்கைந்து. பன்னிரண்டைத் தாண்டியதும் வரிசையாக வெள்ளை மீசை முளைத்ததுபோல் எல்லா ஃப்ரெட்டிலும் பஞ்சு தொங்கியது. அவன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரம்பம் மாதிரி இருக்குண்ணே" என்றான். இதற்குக் காரணம் பாதி ஆலை, பாதி காற்று. ஈரமான நாட்டில் செய்த நெக், கொழும்புக் கடையின் ஏசி அறையில் மாதக்கணக்கில் காயும்போது மரம் ஒரு மயிரிழை சுருங்குகிறது. ஃப்ரெட்டின் உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே நீட்டுகிறது. இது திருத்தக்கூடிய குறை. விலை பேச இதைக் காட்டலாம், கிட்டாரை வேண்டாம் என்று சொல்ல இது காரணமில்லை.

ஃப்ரெட்டுகள் ஒரே உயரமா என்று பார்க்க வங்கி அட்டை. முதல் மூன்று ஃப்ரெட்டுகளின் மேல், கம்பிகளுக்கு நடுவே, அட்டையின் நீண்ட விளிம்பை நிறுத்தி இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்துங்கள். தராசுபோல் ஆடினால் நடு ஃப்ரெட் உயரமாக இருக்கிறது. இரண்டு, மூன்று, நான்கு என்று நகர்த்திக்கொண்டே போங்கள். மேலே போகப் போக ஃப்ரெட்டுகள் நெருங்கும், அப்போது குறுகிய விளிம்பைப் பயன்படுத்துங்கள். எப்போதும் மூன்று ஃப்ரெட்டை மட்டும்தான் தொட வேண்டும். எங்காவது ஒன்று லேசாக ஆடினால் தட்டி உட்கார வைக்கலாம். ஆறேழு இடத்தில் ஆடினால் அடுத்த கிட்டாரைக் கேளுங்கள். அதே மாடலில் கடையில் மூன்று இருந்தால் மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மலிவுக் கிட்டாரில் ஒரே பெட்டி வரிசையில் வந்த இரண்டுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், சில நேரம் இரண்டு கம்பனிகளுக்கு நடுவே இருப்பதைவிட அதிகம்.

இனி நட். ஒரு கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் நல்லது. அதைவிடப் பெரிதாக இருந்தால் நட் உயரம். எஃப் கோர்ட் என்ற சுரக்கூட்டைப் பிடிக்க முடியாமல் எத்தனையோ பேர் கிட்டாரை மூலையில் வைத்ததற்குக் காரணம் இந்த அரை மில்லிமீட்டர்தான். இதுவும் திருத்தக்கூடியது.

இரண்டு ஓரக் கம்பிகளும் விரல்பலகையின் ஓரங்களிலிருந்து சம தூரத்தில் போகின்றனவா? ஒரு பக்கம் விழப்போவதுபோல் இருந்தால் நெக்கின் நான்கு ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தித் தள்ளி மீண்டும் இறுக்கினால் பல நேரம் சரியாகும். அதைக் கடைக்காரரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

கடைசியில்தான் ஆம்பில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வொல்யூம், டோன் குமிழையும் முழுதாகத் திருப்புங்கள். கரகரத்தால் உள்ளே தூசு. பிக்கப் மாற்றும் சுவிட்சை எல்லா இடத்துக்கும் தள்ளி, ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் தட்டுங்கள், 'டக்' என்று கேட்க வேண்டும். ஜாக்கில் கேபிளை ஆட்டிப் பாருங்கள். கம்பியைத் தொடாதபோது இரைச்சல் இருந்து, தொட்டதும் குறைந்தால் எர்த் இணைப்பு சரி. தொட்டதும் கூடினால் உள்ளே ஏதோ ஒரு ஈயப்பற்று விட்டிருக்கிறது. சிங்கிள் காயில் பிக்கப்பில் 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த ஓசை எப்போதும் கொஞ்சம் இருக்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலை அது, கிட்டாரின் குறை இல்லை. அதைத் தவிர்க்கத்தான் 1955இல் கிப்சனில் சேத் லவர் இரண்டு காயில்களை எதிரெதிராகச் சேர்த்து ஹம்பக்கரை உருவாக்கினார்.

பாவித்த கிட்டார்

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு வாசிக்கும் பேண்ட்காரர்களிடமும், மத்திய கிழக்கிலிருந்து திரும்பி வந்தவர்களிடமும் நல்ல கிட்டார்கள் விலைக்கு வருவதுண்டு. அதே பரிசோதனைகள்தான். கூடுதலாக இரண்டு: முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி பள்ளம் தோண்டியிருக்கிறதா, ட்ரஸ் ரொட்டைத் திருப்பும் அலன் கீ (அறுகோணச் சாவி) நுழையும் துவாரம் வட்டமாகத் தேய்ந்துபோயிருக்கிறதா. இரண்டாவது இருந்தால் வாங்காதீர்கள். இந்த மலையில் ட்ரஸ் ரொட் திரும்பாத கிட்டாரோடு வருடத்தை ஓட்ட முடியாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மலைக்கு ஏற்றுவது

கொழும்பின் 30 பாகை வெயிலிலிருந்து, 1868 மீட்டர் உயரத்தில் சராசரி 16 பாகை மட்டுமே இருக்கும் நுவரெலியாவுக்கு ஒரே நாளில் மரம் வருகிறது என்பதை மறக்காதீர்கள். ஹட்டன், பண்டாரவளை அவ்வளவு குளிர் இல்லை என்றாலும் மாற்றம் மாற்றம்தான். பஸ்ஸின் பின்பக்க டிக்கியில் போடாதீர்கள், சூடு ஏறும். ரயிலில் மேல் தட்டில் படுக்க வைக்கலாம், ஆனால் அதன் மேல் வேறு பை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆவலில் உடனே பையைத் திறக்க வேண்டாம். திடீரென்று குளிர் காற்று பட்டால் சில வகைப் பூச்சு மயிரிழையாக வெடிக்கலாம். இரண்டு மூன்று மணி நேரம் பைக்குள்ளேயே அறையின் குளிருக்குப் பழகட்டும்.

அப்புறம், பத்து நாள் வாசித்துக்கொண்டிருங்கள். செட்டப் எதுவும் செய்யாதீர்கள். நெக் இந்தக் காற்றுக்கு ஏற்ப அசைந்து ஒரு நிலைக்கு வந்த பிறகு செய்யும் செட்டப்தான் நிற்கும். தம்பிக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, ஆனால் பொறுத்தான்.

அந்த ஒரு மணி நேர வேலை

வரிசை முக்கியம். ஒன்றை மாற்றினால் அடுத்தது மாறும், அதனால் கீழே உள்ள ஒழுங்கிலேயே போங்கள்.

புதுக் கம்பி போடுங்கள், 9–42 அளவு ஆரம்பத்துக்கு இலகு. கடையில் தொங்கிய கம்பி துருப்பிடித்திருக்கும், அதில் எதையும் அளக்க முடியாது. போட்டவுடன் ஒவ்வொரு கம்பியையும் விரலால் மேலே இழுத்து இழுத்துவிட்டுச் சுருதி பிடியுங்கள், அசையாமல் நிற்கும் வரை. 'டியூனிங் நிற்கவில்லை' என்று தலைப்பக்கச் சுருதிச் சாவியைக் குறை சொல்பவர்கள் பலருக்குப் பிரச்சினை இந்த இழுப்பிலும் நட்டின் பள்ளத்திலும்தான் இருக்கிறது. பள்ளத்தில் பென்சில் நுனியைத் தேய்த்துவிடுங்கள், கரித்தூள் கம்பியை வழுக்க வைக்கும்.

பின்னால் ஸ்பிரிங் உள்ள ஸ்ட்ராட் வகைக் கிட்டார் என்றால் பின்மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்குகள் மாட்டிய இரும்புத் தகட்டை இரண்டு நீள ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை இறுக்கிக்கொண்டே வந்தால் முன்னே பிரிட்ஜ் உடலில் படிந்து உட்காரும். சுருதி அசையாது, ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் அப்படியே நிற்கும்.

இனி நெக்கின் குழிவு. தடித்த ஆறாவது கம்பியை ஒரு கையால் முதல் ஃப்ரெட்டிலும் மறு கையால் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ரொட்டை வலப்பக்கம் திருப்பி இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் இடப்பக்கம் தளர்த்த வேண்டும். பெட்டியில் வந்த அலன் கீயை மட்டுமே பயன்படுத்துங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டுச் சுருதி பிடித்து மறுபடி அளந்து பாருங்கள். கை இறுக்கத்தை உணர்ந்து, 'இதற்கு மேல் போகாது' என்று தோன்றினால் நிறுத்துங்கள். பலத்தைக் காட்டி உடைத்தால் அந்த நெக் அவ்வளவுதான்.

அடுத்தது கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ரூலரை நிறுத்தி, ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை அளந்து பாருங்கள். தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6. ஸ்ட்ராட் வகைப் பிரிட்ஜில், ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சாடிலில் உள்ள இரண்டு சின்ன ஸ்க்ரூவால் ஏற்றி இறக்கலாம். சாடில் சாய்ந்து நிற்காமல் இரண்டையும் சமமாகத் திருப்புங்கள். கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரைந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். ஆம்பில் கேட்காத இரைச்சலைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

நட்டை அறுப்பது மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். ஒரு தடவை அதிகமாக அறுத்துவிட்டால் திரும்ப ஏற்ற முடியாது. அனுபவமுள்ளவர் கிடைக்காத ஊரில், நகை செய்யும் ஆசாரியிடம் மெல்லிய ஊசி அரங்கள் இருக்கும், கையும் நிதானமாக இருக்கும். தாள் தடிப்பு இடைவெளியை மேலே சொன்ன மாதிரிக் காட்டி, இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்வித்தேன், அற்புதமாகச் செய்து கொடுத்தார்.

ஃப்ரெட் முனைகளை நீங்களே செய்யலாம். விரல்பலகையின் ஓரத்தில் காகித டேப்பை ஒட்டி மரத்தைக் காப்பாற்றுங்கள். தட்டையான சின்னக் கட்டையில் 400 இலக்கச் சாண்ட் பேப்பரைச் சுற்றி, ஓரம் நெடுக லேசாக ஓட்டுங்கள். பிறகு கட்டையைச் சாய்த்து ஒவ்வொரு முனையின் மூக்கையும் இரண்டு மூன்று தடவை மட்டும் தொடுங்கள். பஞ்சை மறுபடி இழுத்துப் பாருங்கள். தேய்த்த தூள் பிக்கப்புகளில் விழும், அதனால் அவற்றின் மேலும் டேப்.

கடைசியில் இன்டொனேஷன், அதாவது எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுருதி சரியாக வருவது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நேர்மேலே கம்பியை அழுத்தாமல் தொட்டு மணியோசை எழுப்புங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். அழுத்தியது கூடிப் போனால் சாடிலைப் பின்னே நகர்த்துங்கள், குறைந்தால் முன்னே. ஆறு கம்பிக்கும் இதைப் பொறுமையாகச் செய்தால், மலிவுக் கிட்டார் என்று யாரும் கண்டுபிடிக்காத அளவுக்கு மேல் ஃப்ரெட்டுகளில் கோர்ட் சுத்தமாக ஒலிக்கும்.

மின்சாரமும் பக்கத்து வீடும்

பழைய லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எர்த் இல்லாத பிளக் இருந்தால் அதில் ஆம்பை மாட்டாதீர்கள். பல்ப் ஹோல்டரிலிருந்து இழுத்த வயரில் கட்டாயம் வேண்டாம். கிட்டாரின் கம்பி எர்த்தோடு இணைந்தது, உங்கள் இரண்டு கையும் அதில்தான் இருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். கிட்டாரில் நேராகக் குத்தும் சின்ன ஹெட்போன் ஆம்ப் முதல் ஒரு வருடத்துக்குத் தாராளமாகப் போதும், பெட்டி ஆம்பைவிட மலிவு.

மூடுபனிக்குள் ஒரு கிட்டார்

மலிவுக் கிட்டார்களின் மேல் பூசிய தடித்த பொலியெஸ்டர் பூச்சை, விலை உயர்ந்த கிட்டார் வைத்திருப்பவர்கள் குறை சொல்வார்கள். நம் ஊருக்கு அது ஒரு வரம். ஆடி மாத மழையில் சட்டை மூன்று நாள் காயாத வட்டவளையிலும் கினிகத்தேனையிலும், அந்தப் பூச்சு உடலுக்குள் ஈரத்தை விடாது. பூச்சு இல்லாத விரல்பலகைதான் ஈரத்தைக் குடிக்கும். அது உப்பினால் நெக் பின்பக்கம் வளைந்து கம்பிகள் ஃப்ரெட்டில் இரையும், அப்போது ட்ரஸ் ரொட்டைத் தளர்த்த வேண்டும். மாசி, பங்குனி வெயிலில் காய்ந்தால் மறுபுறம். வருடத்துக்கு இரண்டு தடவை, மே மாதக் கடைசியிலும் பெப்ரவரியிலும், விசிட்டிங் கார்டோடு குழிவைப் பாருங்கள்.

மழைக்காலத்தில் சுவரில் மாட்டாதீர்கள், வெளிச்சுவர் ஈரம் நேராக ஏறும். விறகடுப்பு எரியும் பக்கம் வைத்தால் புகையின் பிசுக்கு குமிழ்களுக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் படியும். தகரக் கூரைக்கு நேர்கீழே பரணில் வைத்தால் பகலில் வேகும், இரவில் விறைக்கும். அறையின் நடுப்பக்க அலமாரிக்குள், பையில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதுதான் நல்லது. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி ஒன்றைப் பைக்குள் போட்டுவையுங்கள். 45க்கும் 55க்கும் நடுவே நின்றால் அருமை, நம் பக்கம் மழைக்காலத்தில் 65க்குள் வைத்திருந்தாலே வெற்றி. ஜெல் ஈரம் குடித்து நிறம் மாறியதும் வெறும் சட்டியில் மெல்லிய சூட்டில் காயவைத்தால் மறுபடி பயன்படும்.

வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பிகளை மேலேயும் அடியிலேயும் துடையுங்கள். மேற்பூச்சுள்ள கம்பி இரண்டு மடங்கு விலை என்றாலும் இந்த ஈரத்தில் மூன்று மடங்கு நாள் எனக்கு உழைக்கிறது. விரல்பலகை வெளிறித் தெரிந்தால் வருடத்துக்கு ஒரு தடவை துளி எலுமிச்சை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேயுங்கள், மேப்பிள் பலகைக்கு வேண்டாம். சமையல் எண்ணெய் எதற்கும் வேண்டாம், பிசுபிசுத்துப் பூஞ்சை பிடிக்கும்.

தம்பியின் கிட்டாரைப் பத்து நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தோம். குழிவு ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டப் போயிருந்தது. இரண்டு தடவை கால் சுற்று, நடுவில் ஒரு இரவு இடைவெளி. ஃப்ரெட் முனைகளை அவனே தேய்த்தான். இப்போது இரண்டு வருடம் ஆகிறது. கொழுந்து எடுத்துவிட்டு வரும் அவன் அம்மாவுக்காக, ஆறு மணிக்கு மட்டும், ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சின்ன ஆம்பில் வாசிக்கிறான்.